தோளுக்குப் பின்னே ஓர் உள்ளங்கை அகலம்

போலகம் போன்ற காவிரிக் கடைமடை ஊர்களில் பெருவிலங்கு வேட்டைக்கு இடமில்லை எனினும், அக்கலையின் உயிர்நாடியான குறியிடல், அதாவது குண்டு படவேண்டிய இடத்தைத் தேர்தல், எவரும் மதித்து அறியத் தக்கது. பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்காலை ஒட்டி, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கு உயரத்தில் இதயமும் நுரையீரலும் நெருங்கி அமைந்திருப்பதால், அங்கே பாயும் குண்டு விரைந்து உயிர் போக்கும். வயிற்றில் பட்டதோ பல மணி நேரம் வதைக்கும். ஆதலின் தேர்ந்த வேட்டைக்காரர், விலங்கு புதரில் பாதி மறைந்து நின்றால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவார். சுட்டபின்னும் துப்பாக்கியைத் தாழ்த்தாமல், கண்ணை விலங்கின்மேல் வைத்தபடியே அடுத்த தோட்டாவை ஏற்றி, அது எழ முயன்றால் உடனே மறுபடி சுடுவார். ஆயினும், குறி தெளிவாக இல்லாதபோது சுடாமல் விடும் பொறுமையே இக்கலையின் மேன்மை.

கொல்லாமல் காயப்படுத்தும் குண்டின் விளைவுக்கு ஒரு சான்று உண்டு: 1907-இல் குமாவுன் மலைப்பகுதியில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வீழ்த்திய சம்பாவத் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும், மேலது பாதியளவும் கீழது எலும்புவரையும், பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதாலேயே அது மனிதரைத் தின்னத் தொடங்கியது என்று அவர் கருதினார். அதற்குப் பலியானோர் 436 பேர் என்பது அவர் தந்த கணக்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் இன்று பெருவிலங்கு வேட்டை குற்றம். மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஆணையின்பேரில் சுடும் அரிய வேளைகளிலும் குறியிடலின் இதே ஒழுக்கம் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.