ஒப்பந்தம் முடியும் முன்பே தொடங்கும் சண்டை

1990இல் பெல்ஜியத்தின் லியேஜ் கால்பந்து கிளப்புடன் வீரர் ஜான்-மார்க் போஸ்மன் செய்திருந்த ஒப்பந்தம் முடிந்தது. தொடர்ந்து ஆட வேண்டுமானால் பழைய சம்பளத்தில் கால் பங்குதான் என்றது கிளப். பிரான்ஸின் டன்கெர்க் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அந்தக் கிளப்பால் பணம் கட்ட முடியுமா என்று சந்தேகப்பட்ட லியேஜ், இடமாற்றத்தையே முடக்கிவிட்டது. போஸ்மன் வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலை கேட்கக் கூடாது என்று 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்பவனைச் சரக்காக நடத்திய வழக்கத்தை உடைத்த தீர்ப்பு அது. அதன் நியாயத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

ஆனால் சண்டை ஓயவில்லை, இடம் மாறியது. முன்பு ஒப்பந்தம் முடிந்த பின் நடந்தது, இப்போது கடைசி ஆண்டிலேயே மூள்கிறது. கிலியான் எம்பாப்பேக்காக மொனாக்கோவுக்கு 18 கோடி யூரோ கொடுத்த பாரிஸ் சான் ஜெர்மேன், அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்ததும் 2023 கோடையில் ஜப்பான் பயணத்திலிருந்து அவரை விலக்கியது. 2024இல் ஒப்பந்தம் முடிந்தபோது கிளப்புக்கு ஒரு யூரோகூட வரவில்லை. அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். பிறகு 5.5 கோடி யூரோ சம்பள பாக்கி என்று கிளப் மீது அவர் வழக்குத் தொடுத்தார். கிளப்பின் கவலை எனக்குப் புரிகிறது. அதற்காக வீரரை ஒதுக்கிவைத்துப் பணிய வைப்பது விதி தந்த உரிமையைப் பின்வாசலில் பறிப்பதுதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஒப்பந்தக் காலத்தின் நடுவில் இருக்கிறது. போஸ்மன் தீர்ப்பு அங்கே எட்டவில்லை. லஸ்ஸானா டியாரா என்ற வீரரின் ஒப்பந்தத்தை மாஸ்கோவின் லோக்கோமோட்டிவ் கிளப் 2014இல் முறித்தது. தவறு வீரருடையது என்று முடிவுசெய்த ஃபிஃபா, 1.05 கோடி யூரோ கட்டச் சொன்னது. அவரைச் சேர்க்கும் புதிய கிளப்பும் அந்தத் தொகைக்குப் பொறுப்பு என்பதே அன்றைய விதி. பெல்ஜியத்தின் ஷார்லெருவா அவரைக் கேட்டது. அந்தப் பொறுப்பு தன் தலையில் விழாது என்று உறுதி கிடைக்காததால் விலகிக்கொண்டது. ஒரு பருவம் முழுக்க அவர் ஆடவில்லை.

ஒப்பந்தம் மதிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பணக்காரக் கிளப்புகள் சின்னக் கிளப்புகளைப் பருவத்தின் நடுவிலேயே காலி செய்துவிடும். முறித்தவர் ஈடு கட்டுவதும் சரியே. ஆனால் மூன்றாம் தரப்பை, அது தூண்டியது என்று நிரூபிக்காமலே பிணைப்பது ஈடு ஆகாது, தடை. டியாராவின் வழக்கில் 2024 அக்டோபர் 4இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அந்த விதிகள் ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்றது.

அப்போது டியாரா ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.