இரண்டு காலும் ஒன்றாக இருக்க வேண்டுமா?

முன்பெல்லாம் சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து, பேரருவிக்கு அடியில் தோளைக் கொடுத்து நின்றால் ஆட்டக் களைப்பு இறங்கிவிடும். இறுகிய தொடை தளரும். அந்தச் சுகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வலு குறைந்த காலுக்குத் தேய்ப்பால் வலு வராது. தசை கிழிந்த முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்த்தால் கெடுதல்தான்.

கால்பந்தில் ஒரு கால் உதைக்கும், மறுகால் ஊன்றும். வருடக்கணக்கில் ஆடினால் இரண்டுக்கும் வித்தியாசம் விழத்தான் செய்யும். அதை அளந்து காயத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 462 தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், தொடைத்தசை வலுவின் சமனின்மையைச் சரிசெய்யாமல் ஆடியவர்களுக்குப் பின்தொடைக் காயம் நான்கு மடங்குக்கு மேல் வந்தது. ஆனால் 2016இல் கத்தாரில் 614 பேரை வைத்து வெளியான ஆய்வு, இத்தகைய வலு அளவீடுகளுக்கும் காயத்துக்கும் மெலிந்த தொடர்பையே கண்டது. யாருக்கு அடிபடும் என்று சொல்ல அது போதாது. வளைந்த, நீளம் ஒவ்வாத கால்களோடு பிரேசிலின் கரிஞ்சா 1958, 1962 உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் ஆடினார். அளவைப் பார்த்து ஒரு பையனை அணியிலிருந்து கழிப்பது அநியாயம்.

அடிபட்டவன் களத்துக்குத் திரும்பும்போதுதான் இந்த அளவீட்டுக்கு மதிப்பு. மூட்டு ஜவ்வு அறுவைக்குப் பிறகு ஒற்றைக்காலில் தாவச் சொல்லி, நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வருகிறதா என்று பார்ப்பார்கள். சுண்ணாம்புக் கோடும் டேப்பும் போதும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும். அதனால் 90 வந்துவிட்டது என்பதே களமிறங்க அனுமதிச் சீட்டு ஆகாது. அடிபடும் முன்பே இரண்டு காலின் தூரத்தையும் எழுதி வைத்திருந்தால் உண்மை தெரியும்.

காயத்தைத் தடுப்பது பயிற்சிதான். முழங்காலிட்டு, நண்பன் கணுக்கால்களை அமுக்கிப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றலாம். டென்மார்க்கில் 942 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் பாதிக்கும் கீழே போனது. மெஷின் வேண்டாம், காசும் வேண்டாம்.

தென்காசி வட்டாரத்துப் பி.டி. வாத்தியார்களே, கால்பந்து சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பிள்ளையின் இரு கால் தாவலையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டைப் பார்த்து யாரையும் வெளியே நிறுத்தாதீர்கள்.