வில்ட் சேம்பர்லின் வாதம்: ஒரு திறனாய்வு

சமூக, பொருளாதார ஏற்றத்தாழ்வுகள் மிகவும் பின்தங்கியோருக்கு அதிக நன்மை தருமானால் மட்டுமே ஏற்கத்தக்கவை என்பது அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரோல்ஸ் 1971இல் வெளியிட்ட 'நீதிக் கோட்பாடு' நூலின் முக்கியக் கருத்துகளில் ஒன்று. இத்தகைய கோட்பாடுகளை மறுத்து ராபர்ட் நோசிக் 1974இல் எழுதிய நூலில் இடம்பெறுவதே கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் பற்றிய வாதம்.

செல்வம் முதலில் நியாயமாகவே பகிரப்பட்டுள்ளது எனக் கொள்வோம். சேம்பர்லினின் ஆட்டத்தைக் காணப் பத்து இலட்சம் பேர் தலா 25 சென்ட் விரும்பிக் கொடுக்கின்றனர். அவரிடம் 2,50,000 டாலர் சேர்கிறது. எவரையும் எவரும் வற்புறுத்தவில்லை. ஆகவே புதிய பகிர்வும் நியாயமானதே என்கிறார் நோசிக். சமத்துவத்தைத் தொடர்ந்து காக்க முயன்றால், மக்களின் செயல்களில் அரசு ஓயாமல் தலையிட நேரும் என்பது அவர் முடிவு.

எளிமையே இவ்வாதத்தின் வலிமை. ஆனால் அது சிலவற்றை விட்டுவிடுகிறது. குவிந்த செல்வம் அதிகாரமாகவும் மாறும் என்று ஜி. ஏ. கோஹன் சுட்டிக்காட்டினார். நுழைவுச்சீட்டு வாங்கியவர் ஆட்டம் பார்க்க இசைந்தாரே தவிர, அந்த அதிகாரத்துக்கு இசையவில்லை. சீட்டே வாங்காதவர்களும் இனிப் பிறக்கும் குழந்தைகளும் அதன் விளைவுகளோடு வாழ வேண்டும். அவர்களின் இசைவை யாரும் கேட்கவில்லை.

மேலும், வரி விதிப்பது ஆட்டத்தைத் தடுப்பதாகாது. சேம்பர்லின் விளையாடலாம், மக்கள் பார்க்கலாம், வருவாயில் ஒரு பங்கு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகலாம். உழைப்பின் வருவாய்மீதான வரியைக் கட்டாய உழைப்புக்கு இணையாக நோசிக் கருதுவது இங்கே மிகையாகத் தோன்றுகிறது.

எனினும், தனிமனிதரின் விருப்பத்தில் அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற நோசிக்கின் கேள்வியைச் சமத்துவவாதிகள் ஒதுக்கிவிட முடியாது.