விளம்பரமும் வாசகனும்: 'டைகத்தானா' பற்றி ஒரு நோக்கு

வர்த்தக விளம்பரம் திறனாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது எனக் கருதுவோர் உளர். ஆயின், சொல்லாலும் உருவத்தாலும் ஒருவரை நோக்கிப் பேசும் எதுவும், கேட்போன் பற்றிய ஒரு மதிப்பீட்டை உள்ளடக்கியே பேசுகின்றது. அம்மதிப்பீட்டை வெளிக்கொணர்தல் திறனாய்வின் கடனாகும். இவ்வகையில், 1997ஆம் ஆண்டு அமெரிக்கக் கணினி விளையாட்டுச் சஞ்சிகைகளில் வெளியான 'டைகத்தானா' விளம்பரத்தை ஈண்டு நோக்குவோம்.

முழுப்பக்கச் செந்நிறப் பின்னணி. அதன்மீது கரிய பெரிய எழுத்துக்கள். விளையாட்டின் காட்சி ஒன்றேனும் அங்கில்லை. கதை, களம், பாத்திரம் பற்றிய குறிப்பும் இல்லை. ஜோன் ரொமேரோ வாசகரைத் தமக்கு அடிமையாக்கப் போகிறார் என்ற கருத்தே, பெண்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் ஒன்றினாற் கூறப்பட்டிருந்தது. 'டூம்' (1993), 'குவேக்' (1996) ஆகியவற்றின் ஆக்கத்திற் பெரும்பங்கு கொண்ட ரொமேரோ, அப்போது டலஸ் நகரில் 'அயன் ஸ்ரோம்' நிறுவனத்தைப் பிறருடன் இணைந்து தொடங்கியிருந்தார். எனவே, இங்கு விற்கப்பட்டது விளையாட்டன்று. ஒரு பெயரே எனலாம்.

சொல்லாது விடுதலும் ஓர் உத்தியே என இதற்குச் சமாதானங் கூறலாம். ஆயின், நல்ல படைப்பிற் சொல்லாது விடப்படுவது வாசகனின் கற்பனைக்கு இடமளிக்கின்றது. இவ்விளம்பரத்தின் வெறுமையோ அவனுக்கு எவ்விடமும் அளிக்கவில்லை. பணிதல் ஒன்றையே அவனிடம் வேண்டி நிற்கின்றது. உருவத்தின் வறுமை, உள்ளடக்கத்தின் வறுமையை மறைக்கும் ஆரவாரமாகவே அமைந்துவிட்டது.

1997 இறுதியில் வெளிவரும் என எதிர்பார்க்கப்பட்ட விளையாட்டு, புதிய மென்பொருட் பொறிக்கு மாற்றப்பட்டது; இடையிற் பணியாளர் பலர் விலகினர்; ஈற்றில் 2000ஆம் ஆண்டு மே மாதத்திலேயே அது வெளிவந்தது. அதற்குள் அதன் காட்சியமைப்புப் பழையதாகியிருந்தது. விளையாடுவோனுக்குத் துணைவரும் பாத்திரங்கள் துணையாகாது தடையாயின என்பது விமர்சகர் பலரின் முறைப்பாடாயிற்று. விளம்பரம் விளையாட்டின் குறைகளைத் தோற்றுவிக்கவில்லை என்பது மெய்யே. எனினும், அவமதிக்கப்பட்ட வாசகன் அக்குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய நியாயத்தை அது முன்னரே அழித்துவிட்டது.

இன்றும் நினைவுகூரப்படுவதால் அவ்விளம்பரம் வெற்றியே என்பாரும் உளர். நினைவில் நிற்பது யாது என்பதே எமது வினா. விளையாட்டன்று, வசையே நிற்கின்றது. ரொமேரோவும் 2010இல் அதற்காகப் பகிரங்கமாக வருத்தந் தெரிவித்தார். அதே நிறுவனத்தின் ஒஸ்ரின் நகரப் பிரிவு ஆக்கிய 'டியஸ் எக்ஸ்' 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றமையும் மனங்கொள்ளத்தக்கது. ஒரு பெயரின் ஆரவாரத்தாலன்றி, ஆக்கத்தின் தரத்தாலேயே அது மதிக்கப்பட்டது.

கணினி விளையாட்டு ஓவியர், இசைஞர், நிரலாக்குநர் எனப் பலரின் கூட்டு உழைப்பாகும். அவ்வுழைப்பை ஒருவரின் பெயருக்குள் ஒடுக்கியதோடு, தாம் உரைக்காத வசையின் பழியையும் இவ்விளம்பரம் அவர்கள்மீது சுமத்தியது. வாசகனை இழிவுபடுத்திய விளம்பரம் உழைத்தோரையும் இழிவுபடுத்திற்று என்பதே நாம் கண்ட முடிபு.