அன்னையின் உருவமும் திரையின் சாயலும்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில் காட்டுப்பாக்கத்தைக் கடப்போர் விளம்பரப் பதாகைகளைக் காணாமற் செல்லுதல் அரிது. திரை நாயகர், மணமக்கள், மறைந்த முதியவர், கட்சித் தலைவர் யாவரும் ஒரே பளபளப்போடு நம்மை நோக்குவர். திருவிழாக் காலமெனில் புனிதர்களும் அவ்வரிசையிற் சேர்ந்துகொள்வர். இக்காலக் கலையில் திரைப்படத்தின் சாயல் படிந்திருப்பதைப் பேசுவோர் பெரும்பாலும் ஓவியக்கூடங்களையே சுட்டுவர்; நமக்கோ அது வீதியிலேயே தொடங்கிவிடுகிறது.

வீதியிலிருந்து ஓவியக்கூடம் சென்றவர் எம். எஃப். உசேன். பம்பாயில் திரைப்பட விளம்பரப் பலகைகள் தீட்டிப் பிழைத்தவர் அவர். சென்னையில் கட்-அவுட்டுகளைத் தீட்டியோரில் பலர் பெயரறியப்படாமலே மறைந்தனர். எஞ்சியோரின் தூரிகையை ஃபிளெக்ஸ் அச்சு பறித்தது.

நாம் சற்றே நின்று நோக்க விரும்புவது என். புஷ்பமாலாவின் படைப்பை. சிற்பக்கலை பயின்ற இப்பெங்களூர்க் கலைஞர், ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் இணைந்து, 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்களைக் குறித்த படத்தொடர் ஒன்றை உருவாக்கினார். ஒரு படத்தில் அவர் ரவிவர்மாவின் நங்கை. மற்றொன்றில் பழைய தமிழ்ப்படக் காட்சியொன்றின் ஜெயலலிதா. பிறிதொன்றில் வேளாங்கண்ணி அன்னை!

முதற் பார்வையில் நம் மனம் துணுக்குறவே செய்கிறது. ஆயினும் அவர் வினவுவது விசுவாசத்தையன்று. பெண்ணுருவை வார்த்தெடுக்கும் அச்சினையே. நாயகிக்கும் அன்னைக்கும் ஒரே ஒப்பனையும் ஒரே ஒளியமைப்பும் எவ்வாறு பொருந்திப்போயின என்பதே அவர் கேள்வி. அது நம்மையே குறிவைக்கும் கேள்வி. ஒரு குறையையும் சொல்லவேண்டும்: அவ்வுருவின் முன் மெழுகுதிரி ஏற்றி அழும் தாய்க்கு அப்படத்தில் இடமில்லை. அவளை விலக்கிவிட்டு அன்னையின் உருவைப் புரிந்துகொள்ள இயலுமா?

1990களின் நடுப்பகுதியில், அப்போது முதலமைச்சராயிருந்த ஜெயலலிதாவை அன்னை மரியாவாகச் சித்திரித்தபோது கிறிஸ்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அது நியாயமே. எனினும் தலைவி அன்னையின் கோலம் பூணக்கூடாதெனக் கண்டித்த நாம், அன்னைக்கு நட்சத்திரக் கோலம் பூட்டுவதைக் கண்டித்தோமா? கொடுக்கல் வாங்கல் பழையதுதான். 1913-இல் ‘ராஜா அரிச்சந்திரா’வை வெளியிட்ட பால்கேவைத் திரைத்துறைக்கு ஈர்த்ததே பம்பாயில் அவர் கண்ட, கிறிஸ்துவின் வாழ்வைக் கூறும் மௌனப்படம். ஆகவே திரையிடம் கடன் வாங்குவதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. எதைக் கடன் வாங்குகிறோம் என்பதே நம் கவலை.

பண்டை ஐரோப்பியப் பீட ஓவியங்கள் பலவற்றில், பொருளுதவி செய்தவர் ஓர் ஓரத்தில், சிறிய உருவாக, முழந்தாளிட்டிருப்பார். நம் திருவிழாப் பதாகைகளிலோ உபயதாரர் கறுப்புக் கண்ணாடியுடன் நிமிர்ந்து நிற்கிறார். அன்னை அவருக்குப் பின்திரையாகிறார். கொடியிறக்கம் முடிந்தபின் அதே பதாகை எவர் வீட்டு விறகையோ மழையிலிருந்து காக்கப் போய்விடுகிறது, அன்னையின் முகம் கீழ்நோக்கியபடி.