அட்லாண்டிக்கின் மேல் இரு இருக்கைகள்: ஏர்பஸ் ஏ350, சிரஸ் எஸ்ஆர்22

நெடுந்தொலைவு விமானங்களின் வசதியைப் பற்றி எழுதப்படும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை இருக்கையின் அகலம், கால் நீட்டும் இடம், உணவு, திரை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. சுவாசிக்கும் காற்றின் அழுத்தமும் ஈரப்பதமும், காதில் இடைவிடாது விழும் இரைச்சலும், அசையாமல் அமர்ந்திருக்க நேரும் மணிநேரங்களும், இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ஏதேனும் பழுதானால் அதைச் சமாளிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியும் வசதியின் பகுதிகளே. பெரிய விமானத்தில் இந்தச் சுமைகளைப் பொறிகளும் பணியாளர்களும் பயணியின் கண்ணில் படாமல் ஏற்றுக்கொள்வதால், அவற்றின் கனம் அவருக்குத் தெரிவதில்லை. அதே கடலைச் சிறு விமானத்தில் கடப்பவரோ ஒவ்வொன்றையும் தம் உடலாலேயே தாங்குகிறார். ஆகவே வட அட்லாண்டிக்கைக் கடக்கும் இரு ஊர்திகளை அருகருகே வைத்து நோக்குவது இரண்டையும் சரியாக எடைபோட உதவும்.

முதலாவது, 2015 ஜனவரியில் பயணச் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ350-900. லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 5,500 கிலோமீட்டரை இது ஏழெட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். இரண்டாவது, அமெரிக்காவில் தயாராகும் சிரஸ் எஸ்ஆர்22. 310 குதிரைத்திறன் கொண்ட ஒரே பிஸ்டன் எஞ்சினும் சுமார் 348 லிட்டர் பெட்ரோலும் கொண்டு மணிக்கு 315 கிலோமீட்டர் அளவில் பறக்கும் இவ்விமானத்தால் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்ட இயலாது. கனடாவின் லாப்ரடாரிலுள்ள கூஸ் பே, கிரீன்லாந்தின் தென்முனையை அடுத்த நர்சார்சுவாக், ஐஸ்லாந்தின் ரெய்க்ஜாவிக், ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள விக் என்று கடலைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் சுமார் 1,200 கிலோமீட்டர் கொண்ட மூன்று கட்டங்களில் அது கடக்கிறது. பறக்கும் நேரம் மட்டும் பன்னிரண்டு மணி; வானிலைக்காகக் காத்திருப்பதையும் சேர்த்தால் இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

இருக்கையிலிருந்தே தொடங்கினால், முடிவு எதிர்பாராததாக இருக்கிறது. ஏ350-இன் சிக்கன வகுப்பில் வரிசைக்கு ஒன்பது பேர் அமரும் வழக்கமான அமைப்பில் ஒருவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 18 அங்குல அகலம். அதன் போட்டியாளரான போயிங் 787-இல் அதே ஒன்பது பேருக்கு 17 அங்குலமே வாய்க்கிறது. எஸ்ஆர்22-இன் உள்ளறை 49 அங்குல அகலமுடையது. அதை இருவர் பகிர்ந்துகொள்வதால் தோளுக்கு இடம் ஒருவருக்கு 24 அங்குலத்திற்குக் குறைவதில்லை. ஆனால் அறையின் உயரம் நான்கடிக்குச் சற்றே மிகுதி என்பதால் எழுந்து நிற்பதற்கு வழியே இல்லை. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசைவின்றி அமர்ந்திருப்போருக்குக் காலின் ஆழ்சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்த எல்லையைச் சிறு விமானத்தின் ஒவ்வொரு கட்டமும் தொட்டு நிற்கிறது; பெரிய விமானத்தின் பயணமோ அதை வெகுவாகத் தாண்டுகிறது. எனினும் அங்கே நடைபாதையில் எழுந்து உலாவலாம். அவ்வாறு உலாவாத பயணி, தமக்குக் கிடைத்த பெரும் வசதி ஒன்றைப் பயன்படுத்தாமல் விடுகிறார்.

அடுத்தது காற்றழுத்தம். விமானத்தின் உள்ளே நிலவும் அழுத்தம் எந்த உயரத்து மலையில் நிலவும் அழுத்தத்திற்குச் சமமோ அந்த உயரத்தை அறையுயரம் என்று குறிப்பிடுவர். ஏ350 நாற்பதாயிரம் அடியில் பறக்கும்போதும் அதன் அறையுயரம் ஏறத்தாழ 6,000 அடியைத் தாண்டுவதில்லை. பழைய அலுமினிய விமானங்களில் விதிகள் அனுமதிக்கும் 8,000 அடி வரை அது செல்வதுண்டு. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், பயணத்தின் இறுதியில் தலைவலியும் சோர்வும் எந்த அளவில் இருக்கும் என்பதை முடிவு செய்வதில் இதற்குப் பங்குண்டு. எஸ்ஆர்22-இன் அறை அழுத்தம் ஏற்றப்படாதது. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே உள்ளிருப்போரின் உயரம். கிரீன்லாந்தின் பனிப்பரப்பு அதன் தென்பகுதியிலேயே 9,000 அடியைத் தாண்டுவதால், நர்சார்சுவாக்கிலிருந்து கிழக்கே நேராகச் செல்வோர் பதினோராயிரம், பன்னிரண்டாயிரம் அடி வரை ஏற வேண்டியிருக்கிறது. ஆக, நாற்பதாயிரம் அடியில் பறக்கும் பயணியின் உடல், அவருக்குக் கீழே வெகுதாழ்வில் பறக்கும் சிறு விமானத்தின் விமானியுடைய உடல் இருக்கும் உயரத்தில் பாதியிலேயே இருக்கிறது. 12,500 அடிக்கு மேல் அரைமணி நேரத்திற்கு மிகுந்தால் விமானி ஆக்சிஜன் பயன்படுத்த வேண்டும் என்பது அமெரிக்க விதி. அனுபவமுள்ளோர் அதற்கு முன்பே மூக்கில் மெல்லிய குழாயைப் பொருத்திக்கொள்கின்றனர்.

ஈரப்பதத்தில் நிலைமை தலைகீழாகிறது. ஏ350-க்கு வெளியே உள்ள காற்று உறைநிலைக்குக் கீழே 55 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் அதில் நீராவி அநேகமாக இல்லை. அதை உள்ளிழுத்துச் சூடாக்கினால் கிடைப்பது பாலைவனக் காற்றைவிட வறண்ட ஒன்று. நெடுந்தொலைவு விமானங்களில் ஈரப்பதம் பெரும்பாலும் இருபது விழுக்காட்டிற்குக் கீழேயே நிற்கிறது. துருவோ அரிப்போ பிடிக்காத கரிநார்க் கலவையால் உடற்பகுதி அமைந்த புதிய விமானங்களில் மட்டும் அதைச் சற்று உயர்த்த இடமிருக்கிறது. சிறு விமானம் பறக்கும் தாழ்ந்த உயரத்தில் காற்று ஈரமுள்ளது. கண்ணும் தொண்டையும் அங்கே இதமாக இருக்கும். ஆனால் தொண்டைக்கு இதமளிக்கும் அந்த ஈரமே மேகத்துக்குள் புகுந்ததும் பகையாகிவிடுகிறது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் இறக்கையில் பட்டவுடன் பனிக்கட்டியாய் ஒட்டி, அதன் வடிவத்தைக் கெடுத்து, தூக்குவிசையைப் பறிக்கின்றன. எஸ்ஆர்22-இல் இறக்கையின் முன்விளிம்பிலுள்ள டைட்டானியத் தகடுகளில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் இடப்பட்டு, அவற்றின் வழியே கிளைக்கால் கலந்த திரவம் கசிந்து பனி ஒட்டாமல் தடுக்கிறது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆயினும் தொட்டியில் உள்ள திரவம் தீரும் வரைதான் அந்தக் காப்பு. பெரிய விமானத்தில் எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்று அதே வேலையை முடிவின்றிச் செய்துகொண்டிருக்க, உள்ளே பயணி தம் தொண்டை வறட்சியைப் பற்றி மட்டும் கவலைப்பட முடிகிறது.

இரைச்சலைப் பொறுத்தவரை, ஏ350-இன் அறை இன்றைய விமானங்களில் அமைதியானவற்றுள் ஒன்று. பிஸ்டன் எஞ்சின் விமானத்தின் உள்ளே ஒலியளவு 90 டெசிபெல்லைத் தாண்டும். டெசிபெல் அளவில் பத்துப் புள்ளி ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் கொண்டால், காதுறை இன்றி நான்கு மணி நேரம் அதில் இருப்பது என்னவென்று விளங்கும். இதற்கு விடையாக வந்த கருவிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. வங்காள விடுதலைப் போராளி ஒருவரின் மகனும் ஒலியியல் பேராசிரியருமான அமர் போஸ், 1978-இல் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்குப் பயணியாகச் சென்றபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இசையை இரைச்சல் விழுங்குவதைக் கண்டு, வரும் ஒலிக்கு நேரெதிரான அலையை எழுப்பி அதை அழிக்கும் முறைக்கான கணக்குகளை அந்தப் பயணத்திலேயே போடத் தொடங்கினார். அதன் முன்மாதிரிக் கருவிகளை 1986 டிசம்பரில், தரையிறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய வாயேஜர் என்ற சிறு விமானத்தின் இரு விமானிகள் அணிந்திருந்தனர். பயணியர் விமானத்தின் ஒரு குறை, சிறு விமானத்திற்கு அதன் மிகச்சிறந்த வசதியை ஈட்டித் தந்திருக்கிறது. எஸ்ஆர்22-இல் கடல் கடப்போர் எந்தச் செலவைக் குறைத்தாலும் நல்ல ஹெட்செட்டுக்கான செலவைக் குறைக்கலாகாது.

குலுக்கலுக்கு எளிய விளக்கம் இருக்கிறது. இறக்கையின் ஒவ்வொரு சதுரமீட்டரும் தாங்கும் எடை எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குக் காற்றின் திடீர் வீச்சு விமானத்தைக் குறைவாக அசைக்கும். ஏறத்தாழ 280 டன் எடையில் புறப்படும் ஏ350-இன் இறக்கை சதுரமீட்டருக்கு 630 கிலோ தாங்குகிறது. 1,633 கிலோ எடையுள்ள எஸ்ஆர்22-இல் அது 120 கிலோ அளவே. ஒரே காற்றில் பெரியது அதிரும்போது சிறியது தூக்கி எறியப்படுகிறது. அறையைச் சூடாக வைப்பதிலும் ஓர் இடர் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றைக் கொண்டு சிறு விமானங்களின் அறை சூடேற்றப்படுவதால், குழாயில் விரிசல் கண்டால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழையக்கூடும். அதைக் காட்டும் உணர்கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

இனி உணவு, நீர், கழிப்பறை. பெரிய விமானத்தில் இவை மூன்றும் தனித்தனிப் பொருள்கள். சிறியதில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னி ஒரே சிக்கலாகின்றன, அந்தச் சிக்கலின் நடுவே இம்மெர்ஷன் சூட் எனப்படும் குளிர்நீர்க் காப்புடை இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடத்தில் மூச்சைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. பத்து நிமிடத்தில் விரல்கள் பயனற்றுப் போகின்றன. ஒரு மணி நேர அளவில் உடல்வெப்பம் குறைந்து நினைவு தப்புகிறது. விரல்கள் பயனற்றுப் போகும் அந்தப் பத்து நிமிடத்திற்குள் காற்றடைத்த உயிர்காப்புப் படகில் ஏறியாக வேண்டும் என்பதால், நீர் புகாத இந்த உடை அக்கடலின் மேல் பறப்போருக்கு ஆடம்பரமன்று. ஒற்றை எஞ்சின் விமானத்தில் கனடாவிலிருந்து பெருங்கடல் நோக்கிப் புறப்படுவோர் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியும், நெடுந்தொலைவு வானொலியும், ஒவ்வொருவருக்கும் குளிர்க்காப்பும், செல்லுமிடம் சேரத் தேவையான எரிபொருளுக்கு மேல் பத்து விழுக்காடு கூடுதலும் கொண்டிருக்க வேண்டும் என்று அந்நாட்டு விதி வற்புறுத்துகிறது.

தடித்த ரப்பராலான அவ்வுடை கழுத்தையும் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடிக்கும். கண்ணாடி வழியே வெயில் விழுந்தால் உள்ளே வேர்த்துக் கொட்டும். அதை அணிந்தபடி சிறுநீர் கழிப்பது, புட்டியோ பையோ இருந்தாலும், பெரும் பாடு, பெண்களுக்கு இன்னும் கடினம். இதன் விளைவாக விமானிகள் பலர் புறப்படும் முன்னரே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். வேர்வையால் நீரிழந்த உடலுக்கு நீரும் மறுக்கப்படும்போது தலைவலியும் கவனக்குறைவும் வருகின்றன. நனிகூர்ந்த கவனம் தேவைப்படும் இறங்குதளம் அதன் பிறகுதான் வருகிறது. நர்சார்சுவாக் ஓடுதளம், 1941-இல் அமெரிக்கப் படையினர் மலைகளுக்கிடையே ஒரு நீண்ட கடற்குடாவின் உட்பகுதியில் அமைத்தது. மேகம் தாழ்ந்திருந்தால் அங்கே இறங்குவது எவருக்கும் எளிதன்று. உடையை இடுப்பு வரை மட்டும் ஏற்றிக்கொண்டு, வேண்டும்போது மேற்பாதியை அணியலாம் என்று எண்ணுவோர் உண்டு. எஞ்சின் நின்ற விமானத்தில், நெருங்கிய இருக்கையில், சில நிமிடங்களில் அதைச் செய்து முடிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இக்கட்டுரை உடன்படவில்லை. இங்கே வசதியைத் தேடுவது உயிர்க்காப்பைக் குறைப்பதில் முடிகிறது. ஏ350-இல் எந்தப் பயணியும் இப்படியொரு பேரத்தை எதிர்கொள்வதில்லை.

அந்த வேறுபாட்டின் அடியில் இருப்பது மாற்றுவழி. ஏ350-இன் இரு எஞ்சின்களில் ஒன்று நின்றாலும், மற்றதைக் கொண்டு 370 நிமிடம் வரை பறந்து தரைசேரலாம் என்று அதற்குச் சான்று வழங்கப்பட்டுள்ளது. எஸ்ஆர்22-இல் உள்ள மாற்றுவழி, விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட். 2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குச் சென்ற ஓர் எஸ்ஆர்22-இல், கூடுதல் தொட்டியிலிருந்த எரிபொருள் பயன்பாட்டுக்கு வராமல் போனபோது, மாவி தீவுக்குச் சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் விமானி பாராசூட்டை இயக்கினார். விமானம் கடலில் இறங்கியது, அவர் படகில் ஏறி, அவ்வழியே வந்த சுற்றுலாக் கப்பலால் மீட்கப்பட்டார். அமெரிக்கக் கடலோரக் காவல்படை வானிலிருந்து அதைப் படம்பிடித்தது. அது வெதுவெதுப்பான கடல் என்பதை மறக்கலாகாது. கரையின் வானொலி எட்டாத இடத்தில், மேலே செல்லும் பயணியர் விமானங்களே விமானங்களுக்கிடையிலான பொது அலைவரிசையில் சிறு விமானத்தின் நிலையைக் கேட்டுக் கட்டுப்பாட்டு நிலையத்திற்குத் தெரிவிப்பதும் நெடுநாள் வழக்கம். ஏ350-இல் உறங்கும் முந்நூறு பேரும் அறியாமல், அவர்களது விமானிகள் அத்தகைய உதவியைச் செய்துகொண்டிருக்கக்கூடும்.

இத்தனை இடர்ப்பாடுகளுக்கும் எதிரே ஒன்றை வைத்தாக வேண்டும். 2019 மே மாதம் மும்பையைச் சேர்ந்த ஆரோஹி பண்டிட், எஸ்ஆர்22-ஐவிட வெகு சிறிய சைனஸ் 912 என்ற இலகு விமானத்தில் தனியாகப் பறந்து, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவின் இக்காலுவிட்டை அடைந்தார். அவ்வகை விமானத்தில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த முதல் பெண் அவர். மிதக்கும் பனிப்பாறைகளையும், கிரீன்லாந்தின் பனிவெளி கடலில் முடியும் விளிம்பையும் சில ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கும் பேறு, சாளரத்தை மூடி உறங்கச் சொல்லும் அறையில் இருப்போருக்கு இல்லை. இதை வசதி என்ற சொல்லால் குறிக்க இயலாது. எனினும் இதற்காகவே பலர் அந்த உடையை அணிகின்றனர்.

மதிப்பீடாகச் சொன்னால், உடலின் வசதியில் ஏ350 ஐயமின்றி முந்துகிறது. 787-ஐயும் அதையும் ஒரே கட்டணத்தில் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், அந்த ஓர் அங்குல அகலத்திற்காகவே ஏ350-ஐத் தேர்வது நன்று. ஆனால் சில நிறுவனங்கள் அதிலும் வரிசைக்குப் பத்து இருக்கைகளை நெருக்கிவைக்கின்றன. பயணச்சீட்டு வாங்கும் முன் இருக்கை வரைபடத்தைப் பார்ப்பது அவசியம். எஸ்ஆர்22, இந்தப் பாதைக்கு உகந்த ஒற்றை எஞ்சின் விமானங்களுள் முன்வரிசையில் நிற்கத் தகுந்தது. பனித்தடுப்பும் ஆக்சிஜனும் ஆட்டோபைலட்டும் இல்லாத மாதிரியை இதற்குப் பயன்படுத்தலாகாது. பின்னிருக்கைகளை அகற்றிப் பெட்ரோல் தொட்டி வைத்து, சிறப்பு அனுமதியோடு மிகையெடையில் கனடாவின் கேண்டரிலிருந்து அயர்லாந்துக்கு ஒரே வீச்சில் பத்து மணி நேரம் பறக்கும் முறை, விமானத்தை ஒப்படைக்கும் தொழில்முறை விமானிகளுக்கு உரியது, பிறருக்குப் பொருந்தாது. கோடையில், பகலில், மூன்று கட்டங்களாக, இரண்டாவது விமானி ஒருவரோடு செல்வதே தக்கது. இருவர் இருந்தால் ஒருவர் விமானத்தைக் கவனிக்க மற்றவர் சிறுநீர் கழிக்க மட்டும் உடையைத் தளர்த்திக்கொள்ளலாம், தாகத்தை அடக்கிக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் பெருமளவு நீங்கும்.