கூரை முந்தி, வெளிச்சம் பிந்தி

மில்லர்புரம் முதல் முள்ளக்காடு வரை தூத்துக்குடியில் புதிதாக எழும் வீடுகளின் விளக்கமைப்பில் ஒரு சீர்மை உண்டு. கூடமோ அடுக்களையோ, எங்கும் ஃபால்ஸ் சீலிங். அதில் சம இடைவெளியில் டவுன்லைட். எல்லாம் 6500 கெல்வின் வெள்ளை. இருட்டு மூலை இல்லை, மின்செலவு குறைவு: 9 வாட் எல்.இ.டி. பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஈடுகொடுக்கிறது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் இது அளவின் சாதனை. அமைப்பின் சாதனையா என்பதே கேள்வி.

கோளாறு முறையில் இருக்கிறது. கம்பி கட்டி முடிந்து, கான்கிரீட் போடுவதற்குச் சற்று முன்புதான் பைப்பும் ஃபேன் பாக்ஸும் கூரையில் இடம் பிடிக்கின்றன. கட்டில் எங்கே, அடுப்பு மேடை எங்கே என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே அறையின் நட்டநடுவில் ஒரு பாயின்ட். கூலியும் பாயின்ட் கணக்கு என்பதால் பேச்சு எண்ணிக்கையைத் தாண்டுவதில்லை. ஃபால்ஸ் சீலிங் இந்தப் பிழையைத் திருத்தக்கூடிய கருவி. விளக்கை வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் உரிமையை அது தருகிறது. நாமோ அந்த உரிமையைச் சமச்சீருக்குச் செலவிட்டுவிட்டோம். விளைவு: சமைப்பவரின் நிழல் அவர் நறுக்கும் பலகை மேலேயே விழுகிறது, மல்லாந்து படுத்தால் கண் கூசுகிறது, மின்விசிறி இறக்கைக்கு மேலே அமைந்த விளக்கு அறையையே துடிக்க வைக்கிறது.

நிறத் தேர்விலும் இதே அசிரத்தை. நிறங்காட்டும் திறன் 80 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது எட்டு மென்நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. மீனின் செவுளைப் பார்த்துப் புதுசா பழசா என்று சொல்லும் ஊரில், அந்தச் சிவப்பை மங்கலாக்கும் விளக்கை அடுக்களையில் மாட்டுவது சிறிய தவறல்ல.

பகல் வெளிச்சத்தைப் பற்றிய எண்ணமோ பெரும்பாலும் இரவல். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்பது வடக்கே எழுதப்பட்ட பாடம். டெல்லியில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். நாம் இருப்பது 8.8 பாகை அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நமக்கு நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேடைக் குறைத்துக் கட்டிய வீட்டில், பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு டவுன்லைட்டைப் போடுகிறார்கள்.

வெளிவிளக்கைத் தேர்வதில் மட்டும் அக்கறை தெரிகிறது, ஐ.பி.65 என்று கேட்டு வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தக் குறியீடு தூசிக்கும் நீர்த்தாரைக்கும் சாட்சி சொல்லுமே தவிர, உப்புக்காற்றுக்குச் சொல்லாது. இரும்புத் திருகாணி துருப்பிடித்துக் கழன்றபின் அந்த எண்ணால் என்ன பயன்?

எனவே என் மதிப்பீட்டில் இந்த விளக்கமைப்பு பொருளில் தேறுகிறது, திட்டத்தில் தேறவில்லை. அறியாமையைக் காரணம் காட்டவும் வழியில்லை. இதே வீடுகளின் மாடிப்படியைப் பாருங்கள்: கீழே ஒன்று, மேலே ஒன்று என டூவே சுவிட்ச் தவறாமல் இருக்கிறது. ஆள் எங்கிருந்து வருவார், எங்கே போவார் என்ற கேள்வியை அங்கே மட்டும் யாரோ கேட்டிருக்கிறார்கள்.